மலையில் தீ, வீட்டில் கரண்ட் இல்லை

தேனி, போடி பக்கம் மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்குப் பிப்ரவரி முதல் மே வரை காட்டுத்தீக் காலம். வெயிலும் மின்வெட்டும் கூடவே வரும்.

புகை வந்தால் ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணி செருகுங்கள். அடைத்த வீடு அனலாகக் கொதித்தால் உள்ளேயே கிடக்க வேண்டாம். பெரியவர்களையும் கைக்குழந்தைகளையும் புகை இல்லாத ஊரில் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். வெளியே போக என்95 முகக்கவசம்தான் சரி. ஈரக் கைக்குட்டை நுண்துகளைத் தடுக்காது. கொசுவத்தி, சாம்பிராணி வேண்டவே வேண்டாம்.

கரண்ட் போனதும் ஃப்ரிட்ஜைத் திறக்காதீர்கள். சுமார் 4 மணி நேரம் குளிர் தாங்கும். அதற்கு மேலும் நீண்டால், இன்சுலினைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு, பாதியளவு தண்ணீர் ஊற்றிய மண்பானைக்குள் வையுங்கள். பானை நிழலில், காற்று படும் இடத்தில் இருக்கட்டும். வெளிப்புறம் கசிந்து ஈரமாக இருந்தால்தான் உள்ளே குளிரும். அதனால் பெயின்ட் அடித்த பானை உதவாது.

வியர்த்துக் களைத்தவருக்கு 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொடுங்கள். பிதற்றினாலோ மயங்கினாலோ வாயில் எதையும் ஊற்றாமல், உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.

தீ மேட்டை நோக்கி வேகமாக ஏறும். வேடிக்கை பார்க்க மலையேறாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேற்றம் போனவர்களில் 20 பேருக்கு மேல் தீயில் மாண்டார்கள். ஊரைக் காலி செய்யச் சொன்னால் ஆதார், ரேஷன் கார்டு, மருந்துகளோடு உடனே கிளம்புங்கள். ஆடு மாடுகளை ஓட்டிப்போக முடியாவிட்டால் கயிற்றையாவது அவிழ்த்துவிடுங்கள்.