எந்தக் கேமரா நமக்கு ஏற்றது? - கரியாலூரில் ஒரு நாள் சோதனை

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல்)



‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்பார்கள். பழைய கேமரா வாங்கும் விஷயத்தில் இரண்டு காலையும் விட்டவன் நான். முதல் ஆண்டு விடுமுறையில் பந்தல் வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தில் ஒரு கடையில் செகண்ட் ஹேண்டாக ஒரு கேமரா வாங்கினேன். வெளியே பளபளவென்று இருந்தது. வீட்டுக்கு வந்து டார்ச் அடித்து லென்ஸைப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலை போலப் பூஞ்சை! திருப்பிக் கொடுக்கப் போனேன். “பார்த்துத்தானே தம்பி வாங்குன?” என்றார்கள். பார்த்துத்தான் வாங்கினேன். ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாமல் பார்த்தேன்.

அந்தப் பணம் போனது போனதுதான். ஆனால் அதில் கற்ற பாடம் உங்களுக்காவது பயன்படட்டும் என்றுதான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

இரண்டாம் முறை பணம் சேர்ந்தபோது, கள்ளக்குறிச்சியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் தெரிந்த அண்ணன் ஒருவரிடம் போனேன். என் விடுதி அறை நண்பனும் கூட வந்தான். அவனுக்கும் ஒரு கேமரா வேண்டும். அண்ணனிடம் இரண்டு கேமராக்கள் விற்பனைக்கு இருந்தன. ஒன்று நிக்கான் டி90, மற்றொன்று கேனான் 550டி. இரண்டுக்கும் ஒரே விலை. “எதுண்ணே நல்ல கேமரா?” என்று கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே, “ரெண்டையும் ஒரு நாள் எடுத்துட்டுப் போங்கடா. நீங்களே பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்க” என்று கொடுத்து அனுப்பினார்.

கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறும் பஸ்ஸில் கரியாலூருக்குப் போனோம். அங்கேதான் எங்கள் ஆயா வீடு. போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் தாத்தாவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. அவர் இறந்த பிறகு மாலை போட ஒரு படம் இல்லாமல் போயிற்று. ஆயாவுக்கு இருப்பதும் அடையாள அட்டையில் உள்ள படம் ஒன்றுதான். அதைக் காட்டினால், “இது யாருடா?” என்று ஆயாவே கேட்கும். இந்த முறை நல்ல படம் ஒன்று எடுத்தே ஆக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

எஸ்.எல்.ஆர். என்றால் என்ன?

லென்ஸ் வழியாக வரும் ஒளி, உள்ளே 45 டிகிரி சாய்வாக நிற்கும் ஒரு கண்ணாடியில் பட்டு மேலே போகிறது. அங்கிருந்து திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழும்பும், ஷட்டர் திறக்கும், ஒளி சென்சாரில் விழும். ‘டக்’ என்று நாம் கேட்பது இந்த வேலையின் சத்தம்தான். ஆக, எந்த லென்ஸ் படம் எடுக்கிறதோ அதே லென்ஸ் வழியாகத்தான் நாமும் பார்க்கிறோம்.

இப்போது மிரர்லெஸ் கேமராக்கள் வந்துவிட்டன. அவற்றில் இந்தக் கண்ணாடி கிடையாது. நிக்கான், கேனான் இரண்டுமே 2018-ல் ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமராக்களைக் கொண்டுவந்தன. ஸ்டுடியோக்காரர்கள் அதற்கு மாறும்போது பழைய எஸ்.எல்.ஆர். கேமராக்களை விற்றுவிடுகிறார்கள். நம்மைப் போன்றவர்கள் கைக்கு அவை எட்டுவது இதனால்தான்.

இரண்டு கேமராக்களின் ஜாதகம்

நிக்கான் டி90: 2008-ல் வந்தது. 12.3 மெகாபிக்சல். வினாடிக்கு 4.5 படம். ஃபோகஸ் புள்ளிகள் 11. ஐ.எஸ்.ஓ. 200 முதல் 3200 வரை. ஒரு சார்ஜுக்குச் சுமார் 850 படங்கள். எடை பேட்டரி இல்லாமலே 620 கிராம்.

கேனான் 550டி: 2010-ல் வந்தது. 18 மெகாபிக்சல். வினாடிக்கு 3.7 படம். ஃபோகஸ் புள்ளிகள் 9. ஐ.எஸ்.ஓ. 100 முதல் 6400 வரை. ஒரு சார்ஜுக்குச் சுமார் 440 படங்கள். எடை பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 530 கிராம்.

இதைப் படித்ததும் என் நண்பன், “பதினெட்டு பெருசா, பன்னெண்டு பெருசா? கேனான்தான் மச்சி” என்று தீர்ப்பு சொல்லிவிட்டான். நம்மில் பலர் இப்படித்தான் முடிவு செய்கிறோம். எனவே முதலில் இந்த மயக்கத்தைத் தெளிவோம்.

மெகாபிக்சல் மயக்கம்

நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் போதும் என்பது வழக்கமான கணக்கு. இந்த மலரின் ஒரு முழுப் பக்கத்தை ஏ4 அளவு என்று வைத்துக்கொள்வோம். அதற்குத் தேவை 2480 × 3508 புள்ளிகள், அதாவது சுமார் 8.7 மெகாபிக்சல். டி90 தருவது 4288 × 2848. 550டி தருவது 5184 × 3456. ஆக, இரண்டுமே ஏ4 பக்கத்தை நிரப்பிவிடும்.

அப்படியானால் 18 மெகாபிக்சலுக்குப் பயனே இல்லையா? உண்டு. எடுத்த படத்தில் ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கும்போது அது கை கொடுக்கும். ஏரிக்கு அக்கரையில் உட்கார்ந்திருந்த கொக்கை எடுத்து வெட்டிப் பார்த்தோம். கேனான் படத்தில்தான் இறகு தெளிவாக இருந்தது. பறவை எடுப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

இருட்டு வீடும் லென்ஸும்

ஆயா வீட்டின் உள்ளே சன்னல் ஒன்று, வாசல் ஒன்று. அவ்வளவுதான் வெளிச்சம். ஃபிளாஷ் போட்டோம். ஆயா கண்ணை மூடிக்கொண்டது. “மின்னல் வெட்டுற மாதிரி அடிக்காதடா ராசா” என்று திட்டும் விழுந்தது. ஃபிளாஷ் இல்லாமல் எடுக்க முயன்றோம்.

இரண்டு கேமராவிலும் 18-55 லென்ஸ் இருந்தது. 50 எம்.எம். பக்கம் வைத்தால் அது திறக்கும் அளவு எஃப்/5.6 வரைதான். ஐ.எஸ்.ஓ. 1600-ல் ஷட்டர் வேகம் 1/8 வினாடி வந்தது. நிக்கான், கேனான் இரண்டிலும் படம் ஒரே மாதிரி கலங்கியது. லென்ஸில் ஆட்டம் குறைக்கும் வசதி இருக்கிறதே என்பீர்கள். அது நம் கை ஆட்டத்தைத்தான் குறைக்கும். ஆயா தலையை ஆட்டி ஆட்டிப் பேசுவதை எந்த வசதியும் நிறுத்தாது!

அப்போதுதான் அண்ணன் பையில் போட்டுக் கொடுத்த இன்னொரு பொருள் நினைவுக்கு வந்தது. ஃபிலிம் கேமராவுக்கென்று அவர் வைத்திருந்த நிக்கான் 50 எம்.எம். எஃப்/1.8 டி லென்ஸ். இங்கே நாம் படித்த கணக்கு உதவுகிறது. ஒளியின் அளவு எஃப் எண்ணின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் மாறும். 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் சுமார் 9.7. அதாவது கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம்! 1/8 வினாடி 1/80 ஆகிவிட்டது. ஆயா பேசிக்கொண்டே இருந்தது, படமோ தெளிவாக விழுந்தது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. இந்தப் பழைய நிக்கான் லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. கேமராவில் உள்ள மோட்டார்தான் அதைச் சுழற்றி ஃபோகஸ் செய்ய வேண்டும். டி90-ல் அந்த மோட்டார் இருக்கிறது. டி40, டி3100, டி5100 போன்றவற்றில் இல்லை. அவற்றில் இதே லென்ஸைப் போட்டால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். கேனானில் இந்தத் தொல்லை இல்லை. 1987-ல் வந்த இ.எஃப். லென்ஸ் வரிசையிலிருந்தே மோட்டார் லென்ஸுக்குள் இருப்பதால் எந்த இ.எஃப். லென்ஸும் 550டி-யில் தானாக ஃபோகஸ் ஆகும்.

கேனானுக்கும் 50 எம்.எம். எஃப்/1.8 லென்ஸ் உண்டு. அது எங்கள் கையில் இருந்திருந்தால் கேனானும் இதே படத்தை எடுத்திருக்கும். எனவே அன்று ஜெயித்தது நிக்கான் அல்ல, லென்ஸ்தான். நமக்கு எந்த லென்ஸ் கிடைக்கும், யாரிடம் இரவல் வாங்க முடியும் என்று முதலில் பாருங்கள். கேமராவை அதற்குப் பிறகு தேர்ந்தெடுங்கள்.

கண்ணும் கையும்

டி90-ல் கண் வைத்துப் பார்க்கும் இடத்தில் முழுக் கண்ணாடிப் பட்டகம் இருக்கிறது. 550டி-யில் அதற்குப் பதில் கண்ணாடித் துண்டுகளை அமைத்திருக்கிறார்கள். அதனால் எடை குறைகிறது. ஆனால் காட்சி கொஞ்சம் சிறிதாகத் தெரிகிறது. கண்ணாடி போட்டிருக்கும் எனக்கு டி90-ல் பார்ப்பதுதான் வசதியாக இருந்தது. டி90-ல் விரலுக்கு ஒன்று, கட்டைவிரலுக்கு ஒன்று என்று இரண்டு சக்கரங்கள். ஷட்டரையும் திறப்பையும் தனித்தனியே மாற்றலாம். 550டி-யில் ஒரே சக்கரம். திறப்பை மாற்ற வேறொரு பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே சுற்ற வேண்டும். கற்றுக்கொள்பவர்களுக்கு இரண்டு சக்கரம் நல்லது.

ஆனால் ஏரிக்கரையிலிருந்து மேடு ஏறும்போது நிக்கானைச் சுமந்தவன் நான். கேனானைச் சுமந்தவன் விசில் அடித்துக்கொண்டு முன்னே போனான்! எடையும் ஒரு விஷயம்தான் நண்பர்களே.

பேட்டரி விஷயத்திலோ நிலைமை தலைகீழ். சாயங்காலம் கேனான் படுத்துவிட்டது. அன்று பார்த்துக் கரண்டும் இல்லை. நிக்கானில் பாதிக்கு மேல் சார்ஜ் மிச்சம் இருந்தது. மலைக்கிராமத்தில் நாள் முழுக்கப் படம் எடுப்பவர் 550டி வாங்கினால் இன்னொரு பேட்டரியையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

வீடியோவில் யார்?

வீடியோ எடுக்கும் வசதியோடு வந்த முதல் டி.எஸ்.எல்.ஆர். என்ற பெருமை டி90-க்கு உண்டு. ஆனால் முதலில் வந்ததே சிறந்தது ஆகிவிடாது. டி90 தருவது 1280 × 720 அளவு, வினாடிக்கு 24 ஃபிரேம். அந்த அளவில் ஒரு தடவைக்கு 5 நிமிடம்தான் ஓடும். வெளி மைக் மாட்ட இடமில்லை. 550டி 1920 × 1080 அளவில் எடுக்கும். மைக் மாட்டலாம். ஷட்டர் வேகத்தை நாமே வைக்கலாம்.

ஷட்டரை நாமே வைப்பதில் என்ன லாபம்? நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய டியூப் லைட் வினாடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். 25 ஃபிரேம் வைத்து ஷட்டரை 1/50-ல் நிறுத்தினால் வீடியோவில் அந்தத் துடிப்பு தெரியாது. குறும்படம் எடுக்கும் கனவில் இருந்த என் நண்பனுக்கு இதைக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

என் முதல் பணத்தைப் பறிகொடுத்துக் கற்றவை இவை. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

1. லென்ஸைக் கழற்றி, செல்போன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்துப் பாருங்கள். வலை போலவோ வெண்புள்ளி போலவோ தெரிந்தால் பூஞ்சை. வாங்காதீர்கள்.

2. திறப்பை எஃப்/16-ல் வைத்து வெறும் வானத்தை எடுங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி. சுத்தம் செய்யலாம், ஆனால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

3. லென்ஸ் மூடியைப் போட்டுவிட்டு ஒரு நீண்ட படம் எடுங்கள். இருட்டில் வண்ணப் புள்ளிகள் நிறைய மின்னினால் யோசியுங்கள்.

4. ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்று கேளுங்கள். டி90-ன் ஷட்டர் 1,00,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது. நிக்கானில் எடுத்த படக் கோப்பிலேயே அந்த எண் பதிவாகும், அதைப் படிக்க இலவச மென்பொருள் உண்டு. 550டி-யில் படத்தில் பதிவாகாது. கம்ப்யூட்டரில் இணைத்துத்தான் பார்க்க வேண்டும்.

5. கார்டு போடும் இடத்தையும் பேட்டரியையும் பாருங்கள். உப்பிய பேட்டரி ஆபத்து. டி90-க்கு 32 ஜி.பி. வரையுள்ள கார்டுதான் சரி. அதற்கு மேற்பட்ட கார்டை அது ஏற்க வேண்டியதில்லை. 550டி பெரிய கார்டையும் ஏற்கும்.

6. வாங்கிய பிறகு, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பாவில் வையுங்கள். மலைப்பனியில் இருந்து வந்ததும் பையை உடனே திறக்காதீர்கள். சூடு சமமாகும் வரை விட்டால் உள்ளே நீர் கோக்காது.

முடிவாக...

மறுநாள் அண்ணனிடம் இரண்டு கேமராவோடும் போய் நின்றோம். “எதுடா நல்ல கேமரா?” என்று அவர் எங்களையே திருப்பிக் கேட்டார். நான் டி90-ஐயும் நண்பன் 550டி-யையும் ஒரே நேரத்தில் கை காட்டினோம். ஷட்டர் எண்ணிக்கை முதல் கார்டு வரை அங்கேயே உட்கார்ந்து சோதித்து, ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொண்டோம். இருவரில் யாரும் தோற்கவில்லை. மனிதர்களை, வீட்டு வெளிச்சத்தில், கரண்ட் நிச்சயமில்லாத ஊரில் எடுக்க நினைப்பவன் நான். அவன் கதை சொல்ல நினைப்பவன்.

ஆகவே நண்பர்களே, ‘எது நல்ல கேமரா?’ என்று கேட்காதீர்கள். எதை எடுக்கப் போகிறேன், எந்த வெளிச்சத்தில், எவ்வளவு தூரம் சுமந்து, யாருடைய லென்ஸை வைத்து என்ற நான்கு கேள்விகளை ஒரு தாளில் எழுதுங்கள். பதில் தானே வரும்.

ஆயாவின் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சட்டம் அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி வெகுநேரம் பார்த்தது. “உங்க தாத்தா இருந்தப்ப நீ வாங்கியிருக்கக் கூடாதா இந்தப் பொட்டிய?” என்றது. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உங்கள் வீட்டிலும் படம் இல்லாத பெரியவர்கள் இருப்பார்கள். கேமரா வாங்கும் வரை காத்திருக்க வேண்டாம். இந்த விடுமுறையிலேயே, இரவல் வாங்கியாவது எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடிக்கிறேன்.