கல்வாழையைப் பிடுங்க வேண்டாம்

அன்புள்ள வாசகருக்கு,

துணி துவைக்கும் கல்லருகே நிற்கும் கல்வாழையைப் பிடுங்கிவிட்டு ஆந்தூரியம் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வைக்காதீர்கள். ஆந்தூரியத்துக்கு நிழல் வேண்டும், வேரில் காற்றோட்டம் வேண்டும். சோப்புத் தண்ணீர் தேங்கும் மண்ணில் அது அழுகிவிடும். கல்வாழைக்கோ அந்த இடம்தான் சொர்க்கம். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடிக்குக் கால் நனைய நிற்பது பழகிப்போன விஷயம். கழிவுநீரைச் சுத்திகரிக்க அமைக்கும் படுகைகளில் நாணலோடு கல்வாழையையும் நடுகிறார்கள். வேரை ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்கின்றன. அதிலுள்ள நைட்ரஜனையும் பாஸ்பரசையும் செடி உறிஞ்சி வளர்கிறது.

சாக்கடையோரச் செடிதானே என்ற இளக்காரம் உங்கள் கடிதத்தில் தெரிந்தது. அதுதான் எனக்கு வருத்தம். ஒரு பூவைப் பறித்துப் பிரித்துப் பாருங்கள். கண்ணைப் பறிக்கும் அந்த அகன்ற சிவப்பு மடல்கள் இதழ்களே அல்ல, மலடாகிப்போன மகரந்தத்தாள்கள். உண்மையான இதழ்கள் மூன்றும் அடியில் ஒடுங்கிக் கிடக்கும். மகரந்தம் தருவது ஒரே ஒரு தாள், அதிலும் பாதிதான். மீதிப் பாதியும் மடலாக விரிந்துவிட்டது!

விதை இன்னும் பெரிய ஆச்சரியம். அர்ஜென்டினாவின் வடக்கே, சாந்தா ரோசா தே தஸ்தில் என்ற பழைய குடியிருப்பின் கல்லறை ஒன்றில், வால்நட் ஓடுகள் கோத்த கிலுகிலுப்பை மாலை கிடைத்தது. ஓட்டுக்குள் குலுங்கியவை கல்வாழை விதைகள். வால்நட் காய் பிஞ்சாக இருக்கும்போதே அவற்றை உள்ளே செருகியிருக்க வேண்டும். பிறகுதான் ஓடு இறுகியிருக்கிறது. அந்த ஓட்டுக்குக் கரிமக் கணிப்பில் சுமார் 600 வயது. அதிலிருந்த விதை ஒன்று முளைத்தது. தண்ணீர் புகாத கருந்தோல்தான் காரணம். நீங்கள் விதை போடுவதானால், உள்வெள்ளை தெரியும்வரை தோலை உப்புத்தாளில் தேய்த்து, ஒரு நாள் ஊறவிட்டு நடுங்கள்.

கிழங்கு நடுவது அதைவிட எளிது. கண் மேல்நோக்கி இருக்கட்டும். நல்ல வெயில் படட்டும். பூத்து ஓய்ந்த தண்டை அடியோடு வெட்டினால் பக்கக் கன்று வேகமாக எழும்பும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். இலை நரம்பையொட்டி மஞ்சள் கோடுகள் ஓடி, பிறகு அவை பழுப்பாகிக் கருகினால் அது பெரும்பாலும் வைரஸ் நோய், மருந்து கிடையாது. அந்தத் தூரைக் கிழங்கோடு தோண்டி அப்புறப்படுத்துங்கள். உரக்குழியில் போடாதீர்கள், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்காதீர்கள். கிழங்கு வழியாகத்தான் அது ஊரெல்லாம் பரவுகிறது.

அன்புடன்,
தோட்டப் பகுதி ஆசிரியர்