படிகக்கூடு ஆற்றலும் அயனிச் சேர்மங்களின் கரைதிறனும்: முக்கியக் குறிப்புகள்

• படிகக்கூடு ஆற்றல்: ஒரு மோல் அயனிப் படிகத்தை, ஒன்றையொன்று ஈர்க்காத தொலைவிலுள்ள வாயுநிலை அயனிகளாகப் பிரிக்கத் தேவைப்படும் ஆற்றல். நேரடியாக அளக்க இயலாது; பார்ன்–ஹேபர் சுழற்சி (1919) மூலம் கணக்கிடப்படுகிறது.

• மின்சுமை கூடினால் படிகக்கூடு ஆற்றல் உயரும். அயனி ஆரம் கூடினால் குறையும். சோடியம் குளோரைடுக்குச் சுமார் 788 கிலோஜூல்/மோல். இரட்டை மின்சுமை கொண்ட மெக்னீசியம் ஆக்சைடுக்குச் சுமார் 3,800.

• நீரேற்றல் ஆற்றல்: அயனிகளை நீர் மூலக்கூறுகள் சூழும்போது வெளியாகும் ஆற்றல். இதுவும் சிறிய, மின்சுமை மிகுந்த அயனிகளுக்கே அதிகம். எனவே படிகக்கூடு ஆற்றலை மட்டும் வைத்துக் கரைதிறனை முடிவு செய்யக் கூடாது.

• கரைசலாதல் என்தால்பி = படிகக்கூடு ஆற்றல் – நீரேற்றல் ஆற்றல். சோடியம் குளோரைடு: 788 – 784 = +4 கிலோஜூல்/மோல். வெப்பம் கொள்வினையாக இருந்தும் உப்பு கரைவதற்குக் காரணம் என்ட்ரோபி உயர்வு. கிப்ஸ் ஆற்றல் மாற்றம் எதிர்க்குறி பெறுகிறது.

• அம்மோனியம் நைட்ரேட் கரைந்தால் கரைசல் குளிரும். நீரற்ற கால்சியம் குளோரைடு கரைந்தால் சூடேறும். இரண்டுமே நன்கு கரைபவை.

• அடிக்கடி கேட்கப்படுவது: லித்தியம் புளூரைடு அரிதில் கரையக் காரணம் அதன் உயர் படிகக்கூடு ஆற்றல். மற்ற சீசியம் ஹாலைடுகளைவிடச் சீசியம் அயோடைடின் கரைதிறன் குறைவாக இருப்பதற்குக் காரணம் பெரிய அயனிகளின் குறைந்த நீரேற்றல் ஆற்றல்.

• 2-ஆம் தொகுதி சல்பேட்டுகள்: மெக்னீசியம் முதல் பேரியம் வரை கரைதிறன் குறையும். சல்பேட் அயனி பெரியது. ஆகவே படிகக்கூடு ஆற்றல் அதிகம் மாறாது, நீரேற்றல் ஆற்றலோ வேகமாகச் சரியும்.

• 2-ஆம் தொகுதி ஹைட்ராக்சைடுகள்: நேர்மாறு. ஹைட்ராக்சைடு அயனி சிறியது. படிகக்கூடு ஆற்றலே வேகமாகச் சரிவதால் கரைதிறன் கூடும்.

• பேரியம் சல்பேட்டின் கரைதிறன் பெருக்கம் 25 டிகிரி செல்சியசில் சுமார் 1.1 × 10⁻¹⁰. பேரியம் அயனி நச்சு. ஆனால் இந்த உப்பு கரைவதே இல்லை எனலாம். அதனால்தான் உணவுப்பாதை எக்ஸ்ரே பரிசோதனைக்கு இதைக் குடிக்கத் தருகிறார்கள்.

• விதிவிலக்கு: சில்வர் குளோரைடின் மின்சுமைகள் சோடியம் குளோரைடின் அளவே, ஆயினும் அரிதில் கரையும். சகப்பிணைப்புத் தன்மை அதன் படிகக்கூட்டை வலுப்படுத்துகிறது (ஃபஜான் விதி).

• காரணம் கேட்கும் வினாவில் எதிரயனி பெரியதா சிறியதா என்று முதலில் பாருங்கள். தொகுதியில் கீழிறங்கும்போது எந்த ஆற்றல் வேகமாகக் குறையும் என்பதை அதுவே காட்டிவிடும்.