முனகலை எழுதி வாங்கு

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. நாலு வயதான பிக்கப்பை இரண்டாங்கையாக வாங்கியிருக்கிறாய். 52,000 மைல் ஓடிய வண்டி. மணிக்கு ஐம்பது மைலைத் தொட்டால் பின்னாலிருந்து ஒரு முனகல் வருகிறது, டீலரிடம் கொண்டுபோனால் "இந்த மாடலில் இப்படித்தான் இருக்கும்" என்று சிரித்த முகத்தோடு அனுப்பிவிட்டார்கள் என்கிறாய். அனுப்பும்போது கையில் ஒரு காகிதமாவது கொடுத்தார்களா? இல்லையென்றால் இந்த வாரமே மறுபடி போ. அங்கே என்ன எழுதி வாங்க வேண்டும் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தப் பின் அச்சுக்குள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள். விஷயம் தெரிந்தவனிடம் கவுன்டர்காரர் பேசும் தொனியே வேறு.

வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தால் பின் அச்சின் நடுவில் பூசணிக்காய் அளவில் ஒரு இரும்பு உருண்டை தெரியும். அதுதான் டிஃபரன்ஷியல். கியர்பாக்ஸிலிருந்து நீளவாக்கில் வரும் சுழற்சியைச் செங்குத்தாகத் திருப்பிச் சக்கரங்களுக்கு அனுப்புவது அதன் முதல் வேலை. பினியன் என்ற சின்னப் பல்சக்கரம், கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. அமெரிக்க பிக்கப்களில் அடிக்கடி காணப்படும் 3.73 என்ற விகிதத்தை எடுத்துக்கொள். கிரவுனில் 41 பல், பினியனில் 11 பல். இரண்டும் பகா எண்கள் என்பதைக் கவனித்தாயா? அதனால் பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுனின் எல்லாப் பற்களையும் முறைவைத்துச் சந்திக்கும். ஒரே இரண்டு பற்கள் திரும்பத் திரும்ப மோதித் தேய்வதில்லை. இந்த எண்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் மீது எனக்கு எப்போதுமே ஒரு மரியாதை உண்டு.

இரண்டாவது வேலை, வளைவில் இரண்டு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடுவது. தேர் மூலை திரும்பும்போது வெளிவடம் பிடித்தவர்கள் ஓடுவார்கள், உள்வடத்துக்காரர்கள் நின்ற இடத்திலேயே அடி மாற்றுவார்கள் அல்லவா, அதே கணக்குதான். கிரவுனோடு சேர்ந்து சுற்றும் கூண்டுக்குள் ஒரு ஊசி, அதில் கோத்த இரண்டு சிறு பல்சக்கரங்கள், இங்கே அவற்றை ஸ்பைடர் கியர் என்பார்கள். பிரான்ஸைச் சேர்ந்த பெக்கர் என்பவர் 1827-லேயே நீராவி வண்டிக்காக இந்த அமைப்பை உருவாக்கிவிட்டார். அடிப்படை இன்றுவரை மாறவில்லை.

மாறியது பல்லின் வடிவம். 1920-களில் பேக்கார்ட் கார்களில் ஹைப்பாய்டு என்ற வகை வந்தது. அதில் பினியன், கிரவுனின் மையத்துக்கு நேராக நிற்காமல் சற்றுக் கீழே தள்ளி நிற்கும். இதனால் பல் பெரிதாகும், வலு கூடும், சத்தம் குறையும். ஆனால் பல்லோடு பல் உருளுவதோடு நிற்காமல், ஒன்றின் மேல் ஒன்று அழுந்தி வழுக்கவும் செய்யும். அந்த அழுத்தத்தில் சாதாரண ஆயில் பிதுங்கி வெளியே போய்விடும். அதனால்தான் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஜிஎல்-5 ரக கியர் ஆயில் ஊற்றுகிறோம். முகர்ந்தால் குமட்டும் அந்த நாற்றம் இந்தக் கந்தகத்தினுடையது. சூட்டில் அது பல்லின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து, இரும்போடு இரும்பு நேராகத் தொடாமல் காக்கிறது. ஆக, பின் அச்சின் ஆயுள் என்பது பெரும்பாலும் ஆயிலின் கதைதான்.

ஆயில் எப்படிப் போகிறது என்பதற்கு ஊரறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 2017-ல் டொயோட்டா, அமெரிக்காவில் விற்ற 2016, 2017 மாடல் டகோமா பிக்கப்களில் சுமார் 2,28,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. பின் டிஃபரன்ஷியலிலிருந்து ஆயில் கசியலாம், கசிந்தபடியே ஓட்டினால் உள்ளே சேதமாகிச் சத்தம் வரும், மோசமானால் அச்சு இறுகிப்போய் வண்டி கட்டுப்பாட்டை இழக்கலாம் என்பது குறை. தீர்வு வண்டிக்கு வண்டி வேறுபட்டது. கசிவு இல்லையென்றால் நட்டுகளை மறுபடி முறுக்கினார்கள். கசிவு இருந்தால் கேஸ்கெட்டை மாற்றினார்கள். உள்ளே அடிபட்டிருந்தால் பல்சக்கரங்கள் கோத்த கேரியரையே முழுசாக மாற்றிக் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் வெறும் நட்டு முறுக்கும் வேலை. கவனிக்காமல் விட்டால் முழுக் கேரியர். உன் முனகலும் இந்த ஏணியில் ஏதோ ஒரு படியில்தான் நிற்கிறது. எந்தப் படி என்பதை வண்டியைத் தூக்கிப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது, "இப்படித்தான் இருக்கும்" என்ற அந்த சர்வீஸ் அட்வைசர் உட்பட.

2013-ல் கிரைஸ்லரும் சுமார் 2,78,000 வண்டிகளை, அவற்றில் பெரும்பாலானவை ராம் 1500 பிக்கப்கள், பினியன் நட்டு தளர்ந்து பின் அச்சு பூட்டிக்கொள்ளலாம் என்று திரும்ப அழைத்தது. இங்கேயும் ஒரே ஒரு நட்டுதான்.

எல்லாப் பழியையும் தொழிற்சாலை மேல் போட்டுவிடவும் முடியாது. சேற்றில் ஒரு சக்கரம் மாட்டிக்கொண்டதும் ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்திருப்பாய். ஒரு சக்கரம் அசையாமல் நின்றால் மற்றது கிரவுனைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். நேரான சாலையில் சும்மா கிடக்கும் ஸ்பைடர் கியர்கள் அப்போது ஊசியின் மேல் வெறிபிடித்துச் சுழலும். அந்த வேகத்துக்கு அங்கே ஆயில் போதாது. கியர் ஊசியோடு ஒட்டி இழுக்கும், ஒருநாள் ஊசி முறியும், துண்டுகள் கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவே விழும். கூண்டைத் திறந்தால் ஊசியின் ஒரு பக்கம் மட்டும் ஊதா நிறத்தில் கருகி, வெல்டிங் வைத்ததுபோல் திட்டுத்திட்டாக இருக்கும். அதைப் பார்த்த மெக்கானிக்கிடம் "நான் அலுங்காமல்தான் ஓட்டினேன்" என்ற பேச்சு எடுபடாது.

அடுத்தது தண்ணீர். ஹூஸ்டன்காரனான உனக்கு இது முக்கியம். அச்சின் மேல்புறம் சின்னக் குழாயோடு ஒரு மூச்சுத்துளை இருக்கும், பிரீதர் என்பார்கள். கால்வெஸ்டன் பக்கம் படகை இழுத்துக்கொண்டு வெயிலில் ஒரு மணி நேரம் ஓட்டினால் அச்சு கொதித்துப்போயிருக்கும். அந்தச் சூட்டோடு படகுத்துறைச் சரிவில் பின்னால் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டெனச் சுருங்கும். பிரீதர் மண்ணால் அடைபட்டிருந்தால் அந்த உறிஞ்சல் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். மழைக்காலத்தில் தேங்கிய சாலையில் புகுந்து போவதும் இதே கதைதான். ஆயில் பாலேடு கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். தண்ணீர் புகுந்ததற்கு வாரண்டி கிடைப்பது குதிரைக்கொம்பு.

இனி சத்தத்தைக் கேட்கும் முறை. நல்ல சாலையில் ஐம்பதில் நிலையாக ஓட்டு. முனகல் வரும்போது காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடு. சத்தம் மறைந்தாலோ, தொனி மாறினாலோ பல்லையோ பினியன் பேரிங்கையோ சந்தேகிக்கலாம். எதுவும் மாறாமல், தார்ச்சாலையிலிருந்து கான்கிரீட் சாலைக்கு மாறும்போது மட்டும் மாறினால் அது டயர். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் அச்சைக் கழற்றியவர்கள் நிறையப் பேர் உண்டு. இடம் வலமாக மெதுவாக வளைக்கும்போது உறுமல் கூடிக் குறைந்தால் சக்கரப் பக்கத்து பேரிங். ரிவர்ஸ் போட்டதும் ஒரே ஒரு "டக்" என்றால் பற்களுக்கு இடையே இடைவெளி கூடியிருக்கலாம், அதைவிட அதிகமாக புரொப்பல்லர் ஷாஃப்டின் ஜாயின்ட் தேய்ந்திருக்கலாம். ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றாமல் தடுக்கும் லிமிடெட் ஸ்லிப் வகை டிஃபரன்ஷியல் என்றால், பார்க்கிங்கில் இறுக்கி வளைக்கும்போது கடகடவென அதிரும். பலசமயம் ஆயிலில் சேர்க்க வேண்டிய மாடிஃபையர் ஒரு சிறு பாட்டில் ஊற்றினால் அடங்கிவிடும். அதற்காகப் பயந்து பெரிய பில் கட்டிவிடாதே.

கேட்டதைக் குறித்துக்கொண்டு டீலரிடம் போ. "சத்தம் வருகிறது" என்று மட்டும் சொன்னால் அவர்கள் ஒரு சுற்று ஓட்டிவிட்டு "எங்களுக்குக் கேட்கவில்லை" என்று எழுதி மூடிவிடுவார்கள். "ஐம்பதுக்கும் ஐம்பத்தைந்துக்கும் நடுவே, ஆக்சிலரேட்டர் மிதித்திருக்கும்போது, பின் அச்சிலிருந்து முனகல், காலை எடுத்தால் நிற்கிறது" என்று உன் வாயால் சொன்னதை அப்படியே ரிப்பேர் ஆர்டரில் எழுதச் சொல்லி, அதன் நகலை வாங்கிக்கொள். மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து நீயே ஓட்டிக்காட்டு. லாட்டில் அதே மாடலில் இன்னொரு வண்டி நின்றால் அதையும் ஓட்டிப் பார்க்கலாமா என்று பணிவாகக் கேள். எல்லா வண்டியும் முனகுகிறது என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், உன் வண்டிக்கு இருக்கும் டிரைவ்டிரெய்ன் வாரண்டி 5 வருடம் அல்லது 60,000 மைல், எது முந்துகிறதோ அது. ஃபோர்டு, செவ்ரலே, டொயோட்டா எல்லாரிடமும் பொதுவாக இதே கணக்குதான். வருடக் கணக்கு முதல் ஆள் வாங்கிய நாளிலிருந்து ஓடுகிறது. உனக்கு மிச்சம் 8,000 மைல். படகு இழுக்கும் உனக்கு அது சில மாதத்தில் தீரும். முனகும் அச்சு 61,000-ல் உடைந்தால், 53,000-லேயே நீ புகார் சொன்னாய் என்பதற்கு அந்தத் தேதியிட்ட ரிப்பேர் ஆர்டர் ஒன்றுதான் சாட்சி. அது கையில் இருந்தால் மேலே பேசலாம். இல்லையென்றால் கெஞ்ச வேண்டும்.

கவுன்டருக்கு அந்தப் பக்கம் நடப்பதையும் தெரிந்துகொள். டீலர் தன் பணத்தில் வாரண்டி வேலை செய்வதில்லை, கம்பெனியிடம் வசூலிக்கிறார். அதற்குப் புகார், காரணம், திருத்தம் மூன்றையும் மெக்கானிக் எழுதிக்கொடுக்க வேண்டும். காரணம் சரியாக இல்லையென்றால் கம்பெனி பணம் தராது. வாரண்டி வேலைக்குக் கம்பெனி ஒதுக்கும் மணி நேரமும், வாடிக்கையாளர் காசு கொடுக்கும் வேலைக்குக் கிடைப்பதைவிடப் பெரும்பாலும் குறைவு. சத்தம் தேடி அரை நாள் அலைபவனுக்குச் சம்பளம் அரை மணிக்குத்தான் கிடைக்கும் என்றால் அவன் ஏன் தேடுவான்? அவனைத் திட்டிப் பயனில்லை. தேடும் வேலையை நீ பாதி முடித்துக் கொடுத்தால் அவனும் உன் பக்கம் வருவான்.

பெரிய டயர் மாட்டியிருக்கிறாய், வெளியே ஆயில் மாற்றினாய், அதனால் வாரண்டி போச்சு என்று யாராவது சொன்னால் பதறாதே. 1975-ல் வந்த மாக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டப்படி, நீ மாட்டிய பொருளால்தான் இந்தப் பழுது வந்தது என்று அவர்கள் காட்ட வேண்டும். வெளிக்கடையில் சர்வீஸ் செய்ததற்காக மட்டும் மறுக்க முடியாது. ஆனால் என்ன ரக ஆயில், எந்தத் தேதி, எத்தனை மைலில் என்று பில் இருக்க வேண்டும். முன்னவரிடமிருந்து பழைய சர்வீஸ் பில்களைக் கேட்டு வாங்கினாயா? இப்போதாவது கேள். மற்றபடி பின் சக்கரம் இரண்டிலும் வேறு வேறு அளவு டயர் போட்டு ஓட்டியிருந்தால் நானே உன் பக்கம் பேசமாட்டேன். நேர்ச்சாலையிலும் ஸ்பைடர் கியர் ஓயாமல் சுற்றித் தேய்ந்திருக்கும்.

வாரண்டி வேறு, கம்பெனி வண்டியைத் திரும்ப அழைக்கும் ரீகால் வேறு. உன் வண்டியின் 17 இலக்க வின் எண்ணை அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையப் பக்கத்தில் போட்டுப் பார். நிலுவையில் ரீகால் இருந்தால், முதல் விற்பனையிலிருந்து 15 ஆண்டுக்குள் எத்தனை மைல் ஓடியிருந்தாலும் இலவசம். இதை வாங்கும் முன்பே பார்த்திருக்க வேண்டும். போகட்டும்.

மறுபடியும் மறுத்தால் இன்னொரு டீலர், அப்புறம் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவு. அதற்கும் அசையவில்லை என்றால் டெக்சாஸ் மோட்டார் வாகனத் துறையிடம், வாரண்டிக்குள் இருக்கும் வண்டியைச் சரிசெய்து தரவில்லை என்று புகார் கொடுக்கலாம். காகிதக் கட்டு தடிமனாக இருப்பவனுக்குப் பெரும்பாலும் அதுவரை போக வேண்டியிருக்காது.

ஒத்துக்கொண்டு வேலையை எடுத்தால், பல் மட்டும் மாற்றுகிறார்களா, முழுக் கேரியரா என்று கேள். பல் மட்டும் என்றால் பற்களுக்கு இடையே விடும் இடைவெளி மில்லிமீட்டரில் கால் பங்குக்கும் குறைவு. அதைச் சிம் என்ற மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்து, மஞ்சள் மை தடவிச் சுற்றி, பல்லின் நடுவில் தடம் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாருக்கும் கைவராத வேலை அது. டொயோட்டா பாணியில் கேரியர் தனியாகக் கழன்று வருமானால் தொழிற்சாலையில் கோத்து வரும் முழுக் கேரியரையே கேள். பழைய ஆயிலை வடிக்கும்போது கூட நின்று பார். வடிகால் திருகின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் வழக்கமான தேய்மானம். விரலில் குத்தும் சீவல்கள் இருந்தால் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள். கழற்றிய பாகங்கள் கம்பெனிக்குச் சேர வேண்டியவை, எடுத்துப்போகக் கேட்காதே. காட்டச் சொன்னால் காட்டுவார்கள்.

புதுப் பல் ஏறிய பிறகு முதல் 500 மைலுக்குப் படகைக் கொக்கியில் மாட்டாதே. அதன்பின் ஆயிலை ஒருமுறை மாற்றிவிடு, அந்தப் பில்லையும் கட்டில் சேர்த்து வை. அடுத்த கடிதத்தில் ரிப்பேர் ஆர்டரின் நகலை அனுப்பு. "புகார்" என்ற இடத்தில் என்ன எழுதினார்கள் என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்