கழற்றிய ரேமைக் கொடுக்கும் முன்...

ஃபைனல் இயர் புரோஜெக்டுக்காகப் பழைய வொர்க்ஸ்டேஷன் ஒன்னு வாங்கினேன். அதிலிருந்த நான்கு 4 ஜிபி ரேம்களைக் கழற்றிட்டு, நான்கு 8 ஜிபி ரேம்களைப் போட்டு, மொத்தம் 32 ஜிபி ஆக்கினேன். கழற்றியதை நம்ம கிளை டியூஷன் வகுப்புக் கணினிகளுக்குக் கொடுத்துடலாம்னு சனிக்கிழமை கொண்டு போனேன். எஸ்.பி.எம். தம்பி தங்கைகள் சுற்றி நின்று பார்க்கிறாங்க. சுவிட்சைப் போட்டால் பீப் சத்தம் மட்டும்தான்! மானம் போச்சு.

இரண்டு பக்கமும் டிடிஆர்3. அதே 240 பின், ஸ்லாட்டில் அழகாக உட்கார்ந்தது. பிறகு ஏன்?

லேபிளைப் படிக்காமல் விட்டதுதான் தப்பு. அதில் ‘பிசி3-12800’ என்ற எண்ணை ஒட்டி ஓர் எழுத்து இருக்கும். ‘யு’ என்றால் சாதாரணக் கணினிக்கானது. ‘இ’ என்றால் ஈசிசி: 64 பிட்டோடு 8 பிட் கூடுதலாக வைத்துப் பிழையைத் திருத்தும். இதைச் சில மதர்போர்டுகள் ஏற்கும், சில ஏற்காது. ‘ஆர்’ என்றால் ரெஜிஸ்டர்ட். கட்டளைகளை நடுவில் ஒரு சிப் வாங்கித்தான் மெமரி சிப்களுக்கு அனுப்பும். அதற்கென்றே அமைந்த சர்வர், பெரிய வொர்க்ஸ்டேஷனில் மட்டும் ஓடும். என்னுடையது ‘ஆர்’. ‘யு’வோடு கலந்து போட்டாலும் ஓடாது.

நல்லவேளை, என் வொர்க்ஸ்டேஷனில் எட்டு ஸ்லாட். பழைய நான்கும் அங்கேயே திரும்பிப் போய் 48 ஜிபி ஆச்சு. வகுப்புக்குச் செகண்ட் ஹேண்டில் ‘யு’ ரேம் இரண்டு வாங்கினேன். பிளக்கைப் பிடுங்கி, கேசின் இரும்பைத் தொட்டு உடம்பிலுள்ள ஸ்டாட்டிக்கைப் போக்கிட்டு, கிளிப் ‘டக்’குன்னு பூட்டும்வரை அழுத்தினேன். ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட்86 ஓடியது. காலையில் பிழை பூஜ்யம்.