உயர்த்திய ஜீப்பா? மழை விட்டதும் அடியில் பாருங்கள்

மும்பையின் செம்பூர், மாட்டுங்கா சாலைக் குழிகளில் ஒரு மழைக்காலம் முழுக்க அடிபட்ட வண்டியை அப்படியே ஓட்டாதீர்கள். பழைய தார் ஜீப் என்றால் பின்னால் கமான் பட்டை. அதன் கண்ணில் இருக்கும் ரப்பர் புஷ்தான் பெரும்பாலும் முதலில் போகும். ‘டக் டக்’ சத்தம் கேட்டதும் பலர் ஷாக் அப்சார்பரை மாற்றிவிடுகிறார்கள். முதலில் நீளக் கம்பியால் நெம்பிப் பாருங்கள். பட்டை தாராளமாக ஆடினால் குற்றவாளி புஷ்தான்.

புது ரப்பர் புஷ் போட்டால், வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே போல்ட்டை முழுதாக முறுக்க வேண்டாம். நான்கு சக்கரமும் தரையில் நின்ற பிறகே கடைசி முறுக்கு. இல்லாவிட்டால் ரப்பர் முறுகியே கிடந்து சீக்கிரம் கிழியும். கழற்றிய யு போல்ட் ஏற்கெனவே இழுபட்டது, அதைத் திரும்பப் போடாதீர்கள். புதியதையும் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்க வேண்டும்.

சாமானுக்குக் குர்லா சி.எஸ்.டி. சாலை, தாராவியிலிருந்து பக்கம்தான். பழைய புஷ்ஷைக் கையோடு கொண்டுபோங்கள்; வாயால் சொன்னால் வேறு அளவு வந்து சேரும்.

இன்னும் உயர்த்த ஆசையா? பிரேக் ஹோஸ் எட்டுமா பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் தந்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற விடாது. காசை இறக்குமுன் ஆர்.டி.ஓ.வில் கேட்டுவிடுங்கள்.