புகையாத் தணல்

மார்கழி, தை மாதங்களில் உதகமண்டலத்துப் புல்வெளிகளில் உறைபனி வெண்மையாய்ப் படிந்திருக்கும். மலையூர்களில் இரும்புச் சட்டியில் கரியிட்டுக் கணப்பு மூட்டுவது நெடுநாள் வழக்கம். கரியை வெளியே பற்றவைத்து, புகை அடங்கிய பின்னர்த் தணலை அறைக்குள் கொண்டுவந்து, கதவைத் தாழிட்டு உறங்குவோர் இன்றும் உளர். புகை ஓய்ந்தமையால் தீங்கும் ஓய்ந்தது என்று அவர்கள் எண்ணுகின்றனர். உயிரைப் பறிப்பது இவ்வெண்ணமே.

போதிய ஆக்சிஜன் பெற்று எரியும் கரி, கார்பன் டைஆக்சைடை வெளிவிடும். ஆக்சிஜன் குறைந்தால் கார்பன் மோனாக்சைடு பெருகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. சமையல் எரிவாயு கசிந்தால் நாம் அறிவதற்காகவே அதில் நாற்றமுடைய வேதிப்பொருளைக் கலக்கின்றனர். அந்நாற்றத்திற்குப் பழகிய நம் மூக்கு, இங்கே காவல் நில்லாது. பிரித்தானியச் சுரங்கத் தொழிலாளர்கள் இதனை உணர்ந்தே கானரிப் பறவைகளைக் கூண்டிலிட்டு உடன்கொண்டு சென்றனர். மனிதருக்கு முன்னரே பறவை மயங்கிவிடும். 1986 வரை அவ்வழக்கம் நீடித்தது.

குருதியிலுள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட இவ்வளியை 200 மடங்கிற்கும் மேலான நாட்டத்துடன் பற்றிக்கொள்ளும். மூச்சு இயங்கும், உடலோ ஆக்சிஜனின்றி வாடும். விரல்நுனியில் பொருத்தும் ஆக்சிஜன் அளவியும் இவ்விரண்டையும் பிரித்தறியாது, நலமே என்று காட்டக்கூடும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் ஆகியவற்றை உணவின் கேடென்று பலர் தவறாகக் கொள்வர். வீட்டிலுள்ளோர் பலருக்கும் ஒரே வேளையில் தலைவலி தோன்றி, வெளியே சென்றதும் தணிந்தால் ஐயுற வேண்டும். உறங்குபவருக்கு அந்த எச்சரிக்கையும் கிட்டுவதில்லை.

சாளரத்தைச் சிறிது திறந்துவைத்தால் போதும் என்பாரும் உண்டு, அது ஏற்பதற்கில்லை. உறங்கும் அறையில் கணப்பு கூடவே கூடாது. எரிவாயுவால் இயங்கும் கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள இடத்தில் பொருத்துதல் வேண்டும். ஜெனரேட்டரைக் கதவு, சாளரங்களுக்குத் தொலைவில், வெட்டவெளியில் இயக்குதல் வேண்டும். இவ்வளியைக் கண்டறிந்து ஒலியெழுப்பும் கருவிகளும் கடைகளில் கிடைக்கின்றன.

மயங்கியவரைக் கண்டால் கதவுகளைத் திறந்து, அவரை உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 108ஐ அழைக்க வேண்டும். அறையில் தணல் இருந்ததை மருத்துவரிடம் மறவாது கூறுதல் இன்றியமையாதது. குருதியில் கலந்த நஞ்சு பாதியாகக் குறைய, வெளிக்காற்றில் நான்கைந்து மணி நேரமாகும். முகமூடி வழியே தூய ஆக்சிஜன் அளித்தால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்திற்குள் குறையும்.